கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணை!

பிளாஸ்டிக் வாளி எப்படித் தயாராகிறது தெரியுமா? ஜவ்வரிசி போன்ற சிறு குருணைகளை உருக்கி அச்சில் வார்க்கிறார்கள். குடம், பை எல்லாவற்றுக்கும் இதுதான் மூலப்பொருள். மோல்டிங் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அந்தக் குருணைதான் 2025-ம் ஆண்டு கேரளக் கடற்கரையில் அரிசியைக் கொட்டியதுபோல் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

640 பெட்டகங்கள்

விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குச் சென்ற "எம்.எஸ்.சி. எல்சா-3" என்ற சரக்குக் கப்பல், மே 24-ந் தேதி நடுக்கடலில் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர்.

ஆனால் 640 பெட்டகங்களும், 367 டன் உலை எண்ணெயும், 84 டன் டீசலும் அதில் இருந்தன. 12 பெட்டகங்களில் கால்சியம் கார்பைடு! தண்ணீர் பட்டால் இதில் இருந்து தீப்பற்றும் வாயு கிளம்பும்.

எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியும். கடலோர காவல் படை விமானத்தில் பறந்து மருந்து தெளித்தது. குருணையை என்ன செய்வது?

சல்லடை போட்டார்கள்

குருணை மிதக்கும், மக்காது. மணலில் கலந்துவிட்டால் சலித்துத்தான் எடுக்கவேண்டும். திருவனந்தபுரம் கடற்கரையில் அப்படித்தான் எடுத்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் அது கரை ஒதுங்கியது. கடலுக்கு மாநில எல்லை ஏது?

மீன் முட்டை என்று நினைத்து மீன்களும் பறவைகளும் இதை விழுங்கிவிடும். கடலில் உள்ள நச்சுப்பொருள்களும் இதில் ஒட்டிக்கொள்ளும்.

மீனவர் பாடு

கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைல் தூரத்துக்கு மீன் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த உதவி, 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும்தான்.

கேரள அரசு 9,531 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. ரூ.1,227 கோடிக்கு ஜாமீன் கட்டும்படி ஐகோர்ட்டு செப்டம்பரில் உத்தரவிட்டது.

சட்டம் தேவை

இது முதல் விபத்து அல்ல. 2021-ல் கொழும்பு அருகே ஒரு கப்பல் தீப்பிடித்து மூழ்கி, சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. அதன்பிறகு 2024-ல் சர்வதேச கடல்சார் அமைப்பு சில யோசனைகளைக் கூறியது. குருணையை உறுதியாகப் பொதிய வேண்டும், பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று தெளிவாக அறிவிக்க வேண்டும், மேல்தளத்தில் அடுக்காமல் அடித்தளத்தில் வைக்க வேண்டும் என்பவை அவை. ஆனால் எதையும் கட்டாயம் ஆக்கவில்லை.

ரயிலில் ஒரு பார்சல் போடுவதென்றாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் நாங்கள் ரசீது போடுவோம். 640 பெட்டகங்கள் ஏற்றும் கப்பலுக்கு வெறும் யோசனை போதுமா?