‘எக்ஸ்க்ளூசிவுஸ்’ என்னும் அடைமொழியும் நமது ‘நாங்கள்’ என்னும் சொல்லும்

“நம்முடைய பாவங்களை மன்னித்தருளும்” என்று இளம் ஊழியர் கடவுளை நோக்கி மன்றாடுவதைக் காளவாசலைச் சுற்றியுள்ள சபைகளில் நாம் கேட்டதுண்டு. ‘நாம்’ என்பது முன்னிலையாரையும் சேர்த்துக்கொள்ளும் சொல்லாதலின், இம்மன்றாட்டு கடவுளையும் பாவிகளுள் ஒருவராக்கிவிடுகிறது! ‘எங்கள்’ என்பதே அங்கு வரத்தக்கது.

மொழியியலார் ‘நாம்’ போன்றவற்றை ‘இன்க்ளூசிவுஸ்’ என்றும், ‘நாங்கள்’ போன்றவற்றை ‘எக்ஸ்க்ளூசிவுஸ்’ என்றும் இடைக்கால இலத்தீன் அடைமொழிகளின் வழிவந்த பெயர்களால் குறிப்பர். இரண்டிற்கும் வேர், சாத்துதல் எனப் பொருள்படும் ‘க்ளௌதெரே’ என்னும் வினையாகும். முன்னையது உள்ளே வைத்துச் சாத்துதல். பின்னையது வெளியே நிறுத்திச் சாத்துதல். வியப்பு யாதெனில், இலத்தீனிலேயே இவ்வேறுபாடு இல்லை. ‘நோஸ்’ என்னும் ஒரே சொல் இரண்டிற்கும் வழங்கும். கிரேக்கமும் எபிரேயமும் அத்தகையனவே. தென் அமெரிக்கக் கெச்சுவா மொழிக்கு 1560-இல் இலக்கணம் வெளியிட்ட தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்னும் துறவியே இவ்வேறுபாட்டை ஐரோப்பியருக்கு முதன்முதல் விளக்கியவருள் ஒருவர்.

தமிழிலக்கணம் இதனை அவருக்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தது. ஆனால் அது நோக்கிய விதம் வேறு. பவணந்தியார் நன்னூலில், அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரையும் தன்னொடு சேர்ப்பன என்று வகுத்தார். (இன்று ‘ஓம்’ இரண்டிற்கும் பொதுவாகிவிட்டது.) இங்கு இரண்டுமே உளப்படுத்துவன, எதுவும் கதவைச் சாத்துவதன்று. இக்காலத்தார் ‘உளப்படுத்தாத் தன்மைப் பன்மை’ என்று வழங்குவது இலத்தீன் வழக்கின் நிழலேயன்றி நன்னூலார் கருத்தன்று. அவர் நெறியில் நோக்கின், ஆண்டவர் கற்பித்த மன்றாட்டின் ‘எங்கள்’ கடவுளை விலக்குவதற்காக வந்த சொல்லன்று. நம் அருகே நிற்பவரையும், அன்று ஆலயத்திற்கு வர இயலாதவரையும் நம்மோடு சேர்த்து அவர்முன் நிறுத்தும் சொல் அது.

மூலம் பகுத்துக் கூறாததால், திருமறையை மொழிபெயர்ப்போர் ஒவ்வோரிடத்தும் தாமே தீர்மானிக்க வேண்டியவராகின்றனர். மாற்கு 4:38-இல், மடியப்போகிறோம் என்று சீடர் அலறுகின்றனர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளது ‘நாங்கள்’. படகோ ஒன்று, அது அமிழ்ந்தால் பின்னணியத்தில் உறங்குபவரும் அமிழ்வார். எனவே ‘நாம்’ என்பதற்கும் இடமுண்டு. எனினும், உமக்குக் கவலையில்லையா என்று அவரையே குறைகூறுவோர் அவரைத் தம் ஆபத்திற்குப் புறம்பானவராகவே எண்ணினர் எனலாம். ‘நாங்கள்’ என்பதே அவர்கள் வாய்க்குப் பொருந்தும் என்பது நமது கருத்து.