நசரத்பேட்டையிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு புத்தகம்

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை, பெங்களூரு நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடம் நசரத்பேட்டை. மீஞ்சூர் முனையை அடைந்தால் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் பக்கம்தான். பூந்தமல்லியைத் தாண்டியதும் இவ்வளவு குடோன்கள் கண்ணில் படுவதற்கு இந்தச் சாலைகளே முக்கியக் காரணம். இப்படியொரு குடோனிலிருந்து கனடா வாசகருக்குத் தமிழ்ப் புத்தகம் எப்படிப் போகிறது?

நூலகத்தில் புத்தகங்கள் துறைவாரியாக நிற்கும். பெரிய ஆன்லைன் குடோன்களில் எந்த ரேக்கில் இடமிருக்கிறதோ அங்கே வைத்துவிடுவார்கள். நாவலுக்குப் பக்கத்தில் சமையல் நூல் இருக்கும், செல்போன் சார்ஜர்கூட இருக்கும். வைக்கும்போதே ரேக்கின் பார்கோடையும் புத்தகத்தின் பார்கோடையும் ஸ்கேன் செய்துவிடுவதால், எது எங்கே என்பது கணினிக்குத் தெரியும். ஒரே நூலின் பிரதிகளைப் பல ரேக்குகளில் பிரித்து வைத்தால், ஆர்டர் எடுப்பவர் அதிகம் நடக்க வேண்டியதில்லை. ஒரேமாதிரி அட்டைகள் அருகருகே இல்லாததால், முதல் பாகம் கேட்டவருக்கு இரண்டாம் பாகம் போய்ச் சேரும் தவறும் குறைகிறது. குழப்பம்போலத் தெரியும் இந்த ஏற்பாடு உண்மையில் மிக அழகான கணக்கு.

அந்தக் கணக்குக்கு அடிப்படை, பின்னட்டையிலுள்ள 13 இலக்கப் புத்தக அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன். 978-க்கு அடுத்து 81 அல்லது 93 இருந்தால் அது இந்தியாவில் பெற்ற எண். இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதற்காகவே சேர்க்கப்பட்டது கடைசி இலக்கம். ஏதாவது ஓர் இலக்கம் பிசகினாலும் கணினி கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது எடை. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து ஓர் எடை காண்பார்கள். இதில் வருவதா, தராசு காட்டுவதா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 30×25×15 பெட்டியில் ஒரு கிலோ புத்தகம் வைத்தால் 2.25 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். பேக்கிங் புத்தகத்தை ஒட்டி இருப்பது நல்லது; மூலைகளும் மடங்காது.

என்ன செய்தாலும் ஒற்றைப் புத்தகத்தை விமானத்தில் அனுப்பும் செலவு, பல நேரங்களில் அதன் விலையை மிஞ்சிவிடுகிறது. தொடர்ந்து விற்கும் நூல்களைக் கப்பலில் மொத்தமாக அனுப்பி, மிசிசாகா, பிராம்ப்டன் போன்ற டொராண்டோ புறநகர்களில் இருப்பு வைப்பதே சரியான வழி என்பேன். கப்பலில் அனுப்பும்போது பெட்டிகளை அடுக்கும் மரப் பலகைகளை, நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரையிட்டிருக்க வேண்டும். மரப்பூச்சிகள் அங்கே பரவாமலிருக்க இந்த விதி. உள்ளூர் இருப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. 2024 நவம்பரில் தொடங்கி கனடா அஞ்சல் ஊழியர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தகைய நேரத்தில் உள்ளூரில் இருப்பு இருந்தால் வேறு கூரியரிலாவது அனுப்பலாம்.

வாசகர்கள் அங்கே இருக்கிறார்கள். டொராண்டோவில் தமிழ் இலக்கியத் தோட்டம் என்ற அமைப்பு 2001 முதல் இயங்கிவருகிறது. அவர்களிடம் புத்தகம் போய்ச் சேர முதல் தேவை ஐஎஸ்பிஎன். அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. சிறு பதிப்பாளர்களே, அதைக் கேட்டு வாங்குங்கள்; பின்னட்டையில் பார்கோடாகத் தெளிவாக அச்சிடுங்கள்.