கதவு திறக்க ஏன் இவ்வளவு நேரம்?



என் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கோடை விடுமுறைக்கு வந்தவன், எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு கார் பந்தய விளையாட்டைப் போட்டான். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. அவன் எழுந்து போய் இரண்டு தோசை சாப்பிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்தான். வட்டம் இன்னும் சுற்றிக் கொண்டே இருந்தது!

"தாத்தா, என் சிநேகிதன் வீட்டு பிளேஸ்டேஷனில் இதே விளையாட்டு கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்" என்றான்.

"ஏன் அப்படி?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வகுப்பறையில் முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்டே பழகியவன் நான். விடை தெரியாமல் தூக்கம் வருமா? தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். (ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் அம்மா பார்த்துக் கொள்வார்!)

உங்கள் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். அம்மா கைக்கு எட்டும்படி மேடை மேல் கொஞ்சம் சாமான்கள் இருக்கும். மற்றதெல்லாம் பரணில். மேடையில் இருப்பதை உடனே எடுக்கலாம். பரணில் இருப்பதை எடுக்க ஏணி வேண்டும், நேரம் வேண்டும். கம்ப்யூட்டரும் இப்படித்தான். அதன் மூளை உடனே எடுத்துப் பயன்படுத்தும் நினைவகம்தான் மேடை. அதற்கு 'ராம்' என்று பெயர். விளையாட்டின் படம், சத்தம், சாலை, மரம், கார் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் பரண்தான் 'ஹார்டு டிஸ்க்'. வட்டம் சுற்றுகிறது என்றால், பரணிலிருந்து மேடைக்குச் சாமான் இறங்கிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஹார்டு டிஸ்க் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1956-ம் ஆண்டிலேயே அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டு அடி அகலமுள்ள 50 தட்டுகள். எடை சுமார் ஒரு டன். கொள்ளளவு வெறும் 5 மெகாபைட்! இன்று செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவுக்கே அந்த இடம் போதாமல் போகலாம். பிறகு தட்டுகள் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கின. ஆனால், வேலை செய்யும் முறை மட்டும் மாறவில்லை. தட்டு சுற்றும். ஒரு சின்னக் கை அங்குமிங்கும் நகர்ந்து, வேண்டிய இடம் தன் கீழே வரும்வரை காத்திருந்து படிக்கும். பல மடிக்கணினிகளிலும் பழைய விளையாட்டுப் பெட்டிகளிலும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றியது. விநாடிக்கு 90 சுற்று! நமக்கு அது அசுர வேகம். கம்ப்யூட்டரின் மூளைக்கோ மாட்டு வண்டி!

டி.வி.யுடன் இணைத்து விளையாடும் பெட்டியைக் 'கன்சோல்' என்பார்கள். ஜப்பானின் சோனி நிறுவனம் 2013-ல் கொண்டு வந்த பிளேஸ்டேஷன் 4-க்குள் இருந்ததும் இந்தச் சுற்றும் தட்டுதான். ஒரு ஜி.பி. அளவுள்ள விவரங்களை எடுக்க அதற்கு 20 விநாடி வரை ஆகும் என்று, அந்தப் பெட்டியை வடிவமைத்த மார்க் செர்னியே சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் விளையாடுகிறவருக்குச் சலிப்பு வராதா? வரும். அதனால் விளையாட்டு தயாரிப்பவர்கள் தந்திரம் செய்தார்கள். 1996-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் (பயங்கரக் கதை, உங்கள் வயதுக்கு ஆகாது) ஒவ்வோர் அறைக்குப் போகும்போதும் ஒரு கதவு மெல்ல, மிக மெல்லத் திறக்கும். பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். உண்மையில் அந்த நேரத்தில் அடுத்த அறை தட்டிலிருந்து இறங்கிக் கொண்டிருக்கும்! வேறு விளையாட்டுகளில் லிஃப்ட் மெதுவாக மேலே போகும். இன்னும் சிலவற்றில் கதாநாயகன் இரண்டு பாறைகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி நகர்ந்து நகர்ந்து போவான். ஜப்பானின் நாம்கோ நிறுவனம், காத்திருக்கும் நேரத்தில் விளையாட ஒரு குட்டி விளையாட்டையே கொடுத்தது. அந்த யோசனைக்குக் காப்புரிமையும் வாங்கி வைத்துக் கொண்டது. அது 2015-ல்தான் முடிந்தது.

இன்னொரு தந்திரம் இதைவிட வேடிக்கை. 2018-ல் வந்த 'ஸ்பைடர்மேன்' விளையாட்டில் ஒரு பெரிய நகரம் முழுக்கத் தாவித் தாவிப் போகலாம். தெருவுக்குத் தெரு தபால் பெட்டி போன்ற சாமான்கள் இருக்கும். அந்தப் படம் தட்டில் ஒரே ஓர் இடத்தில் இருந்தால், ஒவ்வொரு தெருவுக்கும் அந்தச் சின்னக் கை அங்கே ஓட வேண்டும். அதனால் ஒவ்வொரு தெருவின் விவரத்தோடும் அதையும் ஒரு பிரதி எடுத்து வைத்தார்கள். சில விவரங்கள் தட்டில் 400 முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தனவாம். பரணில் ஒவ்வொரு டப்பா பக்கத்திலும் ஒரு கரண்டி வைப்பது போல! நேரம் மிச்சம்; இடம் வீண்.

சரி, இதற்கு மாற்றே இல்லையா? இருந்தது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980-களில் 'ஃபிளாஷ்' நினைவகத்தைக் கண்டுபிடித்தார். உங்கள் வீட்டுப் பென் டிரைவிலும், செல்போன் மெமரி கார்டிலும் இருப்பது அதுதான். அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. நுண்ணிய அறைகளில் மின் துகள்களை அடைத்து வைத்து விவரங்களைக் காப்பாற்றும். எந்த அறையிலிருந்தும் நொடியில் எடுக்கலாம். இந்தச் சில்லுகளை வைத்துச் செய்த பரண்தான் 'எஸ்.எஸ்.டி.'

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எஸ்.எஸ்.டி. பல கம்ப்யூட்டர்களில் 2020-க்கு முன்பே இருந்தது. பணம் உள்ளவர்கள் மிக வேகமானதையே வாங்கிப் போட்டிருந்தார்கள். பிறகு ஏன் அவர்களும் மெதுவாகத் திறக்கும் கதவையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்?

இதற்கு விடை எந்த வாத்தியாருக்கும் தெரியும். வகுப்பில் பாடம் சொல்லி எழுதச் சொல்லும்போது, வேகமாக எழுதுகிற பையனைப் பார்த்தா சொல்வேன்? கடைசிப் பெஞ்சில் மெதுவாக எழுதுகிறவன் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருப்பேன். விளையாட்டு தயாரிப்பவர்களும் அப்படித்தான். ஒரே விளையாட்டைக் கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துச் செய்கிறார்கள். கோடிக்கணக்கான வீடுகளில் இருந்த கன்சோல்களில் மெதுவான தட்டு. அதற்கு ஏற்றபடிதான் கதவும் லிஃப்டும் அமைந்தன. வேகமான கம்ப்யூட்டர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தன!

2020 நவம்பரில் அந்தக் கடைசிப் பெஞ்சு மாணவன் ஒரேயடியாக முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டான். அந்த மாதம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் சோனியின் பிளேஸ்டேஷன் 5-ம் வெளிவந்தன. இரண்டிலும் எஸ்.எஸ்.டி.! எக்ஸ்பாக்ஸ் விநாடிக்கு 2.4 ஜி.பி. எடுக்கும். பிளேஸ்டேஷன் 5 எடுப்பது விநாடிக்கு 5.5 ஜி.பி. முன்பு ஒரு ஜி.பி.க்கு 20 விநாடி என்று சொன்னேனே, அதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மடங்குக்கு மேல் வரும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. பேரனின் தொந்தரவு தாங்காமல் பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டோம். கையில் கடிகாரத்தை வைத்துக் கொண்டு அளந்தோம். முன்பு 3 நிமிடம் 10 விநாடி. இப்போது 38 விநாடி. எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால், பேரன் முகத்தைச் சுளித்தான். "சிநேகிதன் வீட்டில் ஐந்து விநாடிகூட ஆகாது தாத்தா!"

வேகம் குறைந்த எஸ்.எஸ்.டி. என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்குப் போகும்போது துணிகளை அமுக்கி, மடித்துப் பெட்டியில் திணிக்கிறோம் அல்லவா? விளையாட்டின் விவரங்களையும் அப்படி அமுக்கித்தான் வைத்திருப்பார்கள். எடுத்த பிறகு பிரித்து உதற வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த வேலை மூளையின் தலையில் விழுகிறது. பிளேஸ்டேஷன் 5-ல் பிரிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி சில்லில் உண்டு. அந்த வேலையை மூளையிடமே விட்டால் ஒன்பது 'கோர்'கள் தேவைப்படும் என்றார் செர்னி. அந்தப் பெட்டியின் மூளையில் இருப்பதே மொத்தம் எட்டு கோர்கள்தான்!

கம்ப்யூட்டருக்கு இந்த வசதியைக் கொடுக்க முன்வந்தது மைக்ரோசாஃப்ட். எக்ஸ்பாக்ஸும் அவர்களுடையது, விண்டோஸும் அவர்களுடையது. எக்ஸ்பாக்ஸுக்காக உருவாக்கிய 'டைரக்ட் ஸ்டோரேஜ்' என்ற ஏற்பாட்டை 2022 மார்ச்சில் விண்டோஸுக்கும் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், படம் வரையும் 'கிராஃபிக்ஸ் கார்டு' தானே மூட்டையைப் பிரித்துக் கொள்ளும்படி செய்தார்கள். மூளைக்குச் சுமை குறைந்தது. ஆனாலும், சில விளையாட்டுகளே இதைப் பயன்படுத்தின. கம்ப்யூட்டர்கள் கன்சோலைப் போல ஒரே அச்சில் வார்த்தவை அல்லவே! ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி.

கன்சோலில் எஸ்.எஸ்.டி. வந்ததால் என்ன புதுமை வந்தது என்பதற்கு 'ரேட்செட் அண்டு கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' நல்ல உதாரணம். 2021 ஜூனில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது. கதாநாயகன் ஆகாயத்தில் ஒரு பிளவுக்குள் குதிப்பான். அடுத்த விநாடி வேறோர் உலகத்தில் விழுவான். மெதுவான கதவு கிடையாது! 2023 ஜூலையில் அது கம்ப்யூட்டருக்கும் வந்தது. எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டரில் அழகாக ஓடியது. பழைய ஹார்டு டிஸ்கில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, பிளவுக்குள் குதித்ததும் விளையாட்டு நின்று நின்று போயிற்று.

அதே ஆண்டில் 'பால்டர்ஸ் கேட் 3', 'ஸ்டார்ஃபீல்டு' என்ற பெரிய விளையாட்டுகள், எஸ்.எஸ்.டி. கட்டாயம் வேண்டும் என்று அட்டவணையில் போட்டே வந்தன. மெதுவாக எழுதுகிறவனுக்காக இனிக் காத்திருக்க மாட்டோம் என்று சொன்ன மாதிரிதான். எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. எல்லா வீட்டிலும் புதுக் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்ன? அண்ணன் படித்து முடித்து விட்டுப் போன பழைய மடிக்கணினியில் விளையாடும் பிள்ளைகள் எத்தனை பேர்!

ஆனால், மறுபக்கமும் உண்டு. சுவீடன் நாட்டின் ஆரோஹெட் நிறுவனம் 2024-ல் 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற விளையாட்டை வெளியிட்டது. (இதுவும் பெரியவர்களுக்கானதே. நமக்கு அதன் கணக்கு மட்டும் போதும்.) ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் கஷ்டப்படக் கூடாது என்று, ஸ்பைடர்மேன் கதையில் சொன்ன மாதிரி ஒரே விவரத்தைப் பல இடங்களில் எழுதி வைத்தார்கள். 2025 கடைசியில் கம்ப்யூட்டரில் அதன் அளவு 154 ஜி.பி. ஆகிவிட்டது! பிளேஸ்டேஷன் 5-ல் அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. தினம் ஒன்றரை ஜி.பி. டேட்டா கிடைக்கும் செல்போனை நம்பி அதை இறக்குவதானால், 103 நாள் ஆகும்!

விளையாடுகிறவர்கள் புகார் செய்தார்கள். தங்கள் ஆட்டக்காரர்களில் சுமார் 11 சதவீதம் பேர் இன்னும் ஹார்டு டிஸ்க்தான் வைத்திருக்கிறார்கள் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. அவர்களைக் கைவிட மனமில்லை. நல்ல எண்ணம்தான். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து உண்மையிலேயே அளந்து பார்த்தார்கள். கூடுதல் பிரதிகளை எடுத்துவிட்டாலும், ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குச் சில விநாடிகள்தான் அதிகம் ஆயிற்று! நேரத்தை அதிகம் தின்றது தட்டு அல்ல. விளையாட்டின் களத்தைப் புதிதாக உருவாக்கும் வேலைதான் அது. 2025 டிசம்பரில் பிரதிகளை நீக்கிய பதிப்பைக் கொடுத்தார்கள். 154 ஜி.பி., 23 ஜி.பி. ஆயிற்று. 103 நாள், 16 நாள் ஆயிற்று. எஸ்.எஸ்.டி. வைத்திருந்தவனுக்கும் லாபம், பழைய தட்டு வைத்திருந்தவனுக்கும் லாபம். அளக்காமலே இத்தனை நாள் எல்லாரையும் மூட்டை சுமக்க வைத்திருக்கிறார்கள்!

எஸ்.எஸ்.டி. விலை வருடா வருடம் இறங்கிக் கொண்டே போகும் என்று எண்ணியிருந்தேன். அதுவும் நிச்சயமில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் மையங்கள் சில்லுகளை வாங்கிக் குவித்ததால், 2025-ன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. அதனால் பழைய கம்ப்யூட்டர்கள் உடனே மறைந்துவிடா. விளையாட்டு தயாரிப்பவர்கள் யாருக்காகக் காத்திருப்பது, யாரை விட்டுவிட்டுப் போவது என்று இன்னும் சில காலம் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்தப் பரண் இருக்கிறது என்று பார்க்க ஆசையா? விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் ஜன்னலில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'டிஸ்க்' என்ற இடத்தைப் பாருங்கள். ஹெச்.டி.டி. என்று இருந்தால் சுற்றும் தட்டு, எஸ்.எஸ்.டி. என்று இருந்தால் சில்லு. பிறகு ஒரு விளையாட்டைத் திறந்து, எத்தனை விநாடி ஆகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். தட்டை மாற்றலாம் என்று வீட்டில் முடிவு செய்தால், முதலில் போட்டோக்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பெட்டியைத் திறங்கள். மாற்றிய பிறகு மறுபடியும் அளந்து, பழைய கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.