சுபேதாருக்கு மேல் யார்?

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அவருடைய தளவாட வழிகளை அறுத்துக்கொண்டே இருந்தவர் யூசுப் கான். நமக்கு மருதநாயகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்கு அவர்தான் கமாண்டன்ட். அன்றைக்குச் சிப்பாய்க் கம்பெனி ஒன்றை நடத்தியவர் சுபேதார். அவருக்குக் கீழே ஜமேதார், ஹவில்தார், நாயக். வெள்ளைக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். மதுரையில் தனி ஆட்சிக்குத் துணிந்த மருதநாயகம் 1764இல் தூக்கிலிடப்பட்டார். அப்படியொரு அதிகாரத்தைக் கம்பெனி அதன்பிறகு எந்த இந்தியரிடமும் விட்டுவைக்கவில்லை.

மெல்ல மெல்லத்தான் பறித்தார்கள். பட்டாலியன்களில் ஐரோப்பிய அதிகாரிகள் கூடிக்கொண்டே வந்தார்கள். 1796 சீரமைப்புக்குப் பிறகு சுபேதாருக்குப் பெயர் இருந்தது, பிடி இல்லை. எத்தனை போர் கண்டவராக இருந்தாலும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார இளைஞனின் கட்டளைக்கு அவர் காத்திருக்க வேண்டும்.

1806 ஜூலை வேலூர்க் கிளர்ச்சிக்குக் காரணம் கேட்டால் புதிய தலைப்பாகையைச் சொல்வோம். சரிதான், ஆனால் இந்தக் கசப்பையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பேன். முஸ்தபா பெக் என்ற சிப்பாய் சதியை முன்கூட்டியே வெள்ளை அதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடமே விட்டார்கள். சதியில் பங்கிருந்தவர்களும் அந்த அதிகாரிகளில் உண்டு. பெக்குக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடித்துவிட்டார்கள்! சிப்பாய்களின் மனம் அறிய இந்த இடைநிலை ஆட்களை விட்டால் வழியில்லை; அவர்களும் கைவிட்டால் கோட்டைக்குள் நடப்பதே தெரியாது.

ஆனாலும் ஏற்பாடு மாறவில்லை. பின்னாளில் சுபேதாரும் ஜமேதாரும் 'வைசிராய் கமிஷன்' பெற்றவர்கள் ஆனார்கள். அரசரின் கமிஷன் பெற்ற எவருக்கும் கீழேதான். 1932இல் டேராடூன் ராணுவக் கழகம் திறந்து அங்கிருந்தும் இந்தியர்கள் முழு அதிகாரிகளாக வரத் தொடங்கியதும், அவர்களில் பலரைச் சுபேதார் பார்த்துவந்த பிளட்டூன் வேலையில் அமர்த்தினார்கள். இளம் அதிகாரிகளுக்கு அது அவமானமாகப் பட்டதில் வியப்பில்லை.

இந்தியரை அடக்கிவைக்க உதவிய இந்தப் படிநிலையை விடுதலைக்குப் பின் தூக்கியெறிந்திருக்கலாம். இந்தியாவும் சரி, பாகிஸ்தானும் சரி, அதைச் செய்யவில்லை. 'வைசிராய் கமிஷன்' போய் 'ஜூனியர் கமிஷன்' வந்தது. 1965இல் ஜமேதார் நாயிப் சுபேதார் ஆனார். இன்று செக்ஷன் ஹவில்தாரிடம். பிளட்டூன் பெரும்பாலும் சுபேதாரிடமோ நாயிப் சுபேதாரிடமோ. புதிதாக வந்த லெப்டினன்ட் அவரை 'சாப்' என்றே அழைப்பார். யாருடைய தந்தைக்கு உடல்நலமில்லை, யாருக்கு விடுப்பு அவசரம் என்பதெல்லாம் அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

இந்தப் படிகளில் நின்றவர்களின் வீரத்துக்கும் சான்று உண்டு. 1965 போரில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தகர்த்து உயிர்விட்ட அப்துல் ஹமீது குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார். 1987இல் சியாச்சினில், இருபதாயிரம் அடிக்கும் மேலே எதிரி வைத்திருந்த நிலையைப் பிடித்த பாணா சிங் நாயிப் சுபேதார். இருவருக்கும் பரம்வீர் சக்கரம். அந்த நிலைக்கே பாணாவின் பெயர்.

மேலே போகவும் இப்போது வழி உண்டு. தேர்வெழுதித் தேறும் சிப்பாய் டேராடூனிலுள்ள ஆர்மி கேடட் கல்லூரிப் பிரிவில் படித்து முழு அதிகாரியாகலாம். வயது வரம்பைத் தாண்டியவர்களுக்குச் சுபேதார் மேஜர்தான் வழக்கமான உச்சி. அவர்களில் சிலருக்குக் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி வரும் பட்டியலில் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவி கிடைக்கும், பெரும்பாலும் ஓய்வுபெறும் தறுவாயில்.