இந்த வாரம் எத்தனை கிலோமீட்டர்?

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே சிந்தாதிரிப்பேட்டை விழித்துக்கொண்டுவிடும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி இறக்குகிறவர்கள், நல்ல வஞ்சிரம் கைநழுவிவிடக் கூடாதே என்று பையோடு வந்து நிற்கிறவர்கள் எல்லாம் அந்த நேரத்துக்கே உரிய ஆட்கள். இப்போது அவர்களுக்கு நடுவே இன்னொரு வகையினரும் தென்படுகிறார்கள். அரைக்கால் சட்டை, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஷூ, மணிக்கட்டில் பட்டையான கடிகாரம். மீன் வாங்க வந்தவர்கள் இல்லை என்பது பார்த்தாலே தெரியும்.

மே தினப் பூங்கா பக்கமிருந்து புறப்பட்டு, அண்ணா சாலையைக் கடந்து, வாலாஜா சாலையில் சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டி ஓடினால் உழைப்பாளர் சிலை வந்துவிடும். அங்கிருந்து மெரினாவில் தெற்கே கலங்கரை விளக்கம் வரை போய், வந்த வழியே திரும்பினால், பேட்டைக்குள் நுழையும்போது கடிகாரம் பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். வேடிக்கை அதற்கப்புறம்தான். வீட்டு வாசல் வரை வந்த மனிதர் உள்ளே போகமாட்டார். அருணாசலம் தெருவில் ஒரு சுற்று, பக்கத்துச் சந்தில் அரைச் சுற்று. கண் கடிகாரத்தைவிட்டு நகராது. 10.00 விழுந்த நொடியில் பொத்தானை அமுக்கி, நடுத்தெருவில் சட்டென்று நின்றுவிடுவார். 9.7 என்று எழுதினால் ஓடியது ஓடாததாகிவிடுமா? ஆகாது. ஆனாலும் மனசு கேட்காது.

காரணம், மாலைக்குள் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். "என்ன சார், இந்த வாரம் எத்தனை?" என்ற கேள்விதான் சென்னையின் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடையே வணக்கத்துக்குப் பதிலாகப் புழங்குகிறது. ஓடி முடித்து ஃபில்டர் காபியோடு நிற்கும்போதும் அதுதான் பேச்சு, வாட்ஸ்ஆப் குழுவிலும் அதுதான் பேச்சு. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று ஆளாளுக்கு வாரக் கணக்கை ஒப்பிப்பார்கள். இந்தக் கணக்கோடு சேர்ந்து வரவேண்டிய இன்னொரு செய்தி மட்டும் எப்போதும் தாமதமாகவே வரும். முட்டி வலி வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். மாடிப்படி இறங்க முடியாத நிலை வந்த பிறகுதான் "கொஞ்சம் ரெஸ்ட்ல இருக்கேன்" என்பார்.

ஓட்டத்தை வாரத்தால் அளக்கும் வழக்கத்தை உலகத்துக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தன்னையே ஆய்வுப் பொருளாக்கி வருஷக்கணக்கில் ஓடிப் பார்த்தார். வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய சீடர்கள் ஞாயிறுதோறும் மலைப்பாதையில் 22 மைல் ஓடினார்கள். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்நெல்லுக்கும் அதிலிருந்து விலக்கில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்நெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றபோது உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே லிடியார்ட்தான் தொப்பை விழுந்த நடுத்தர வயதுக்காரர்களையும் மெல்ல ஓட வைத்தார். 1962-ல் ஆக்லாந்து வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேன் ஒரு ஞாயிறு அவர்களோடு ஓடப் போனார். மாரடைப்பு வந்து பிழைத்த, எழுபதைக் கடந்த ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெட்கப்பட்டு ஊர் திரும்பினார். பிறகு ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து ஜாகிங் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் பங்காளியாகத் தொடங்கிய ஷூ வியாபாரம்தான் பின்னாளில் நைக்கி ஆனது. இன்று மெரினாவில் ஞாயிற்றுக்கிழமை 'லாங் ரன்' போகிறவர்களுக்குத் தெரியாமலே அந்த ஆக்லாந்து மலைப்பாதையின் வழக்கம் இங்கே தொடர்கிறது.

சென்னையில் 'சென்னை ரன்னர்ஸ்' அமைப்பு 2006-ல் தொடங்கியது. பேட்டைக்குப் பேட்டை கிளைகள் முளைத்தன. அண்ணா நகர், திருவான்மியூர், ஓ.எம்.ஆர். என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழு, ஒரு பெயர், ஒரு டி-ஷர்ட் நிறம். ஐ.டி. ஊழியரும் ஆடிட்டரும் வங்கி மேலாளரும் பள்ளி ஆசிரியையும் சேர்ந்து ஓடும் இடத்தில் சாதனை வீரர் என்று யாருமில்லை. அதனால்தான் வாரக் கணக்கு இவ்வளவு பெரிய விஷயமாகிவிடுகிறது. போட்டியில் முதலாவதாக வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். போன வாரத்து ஆளை இந்த வாரம் தோற்கடிக்கலாம், அவ்வளவுதான்.

அதை அளப்பதும் இப்போது சுலபம். 2009-ல் வந்த ஸ்ட்ராவா செயலி, ஓடிய பாதையை வரைபடத்தில் கோடாகவே போட்டுக் காட்டிவிடுகிறது. நண்பர்கள் கட்டைவிரலைத் தட்டிப் பாராட்டுகிறார்கள். ஓடாத நாளுக்குப் பாராட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? கால் வலிக்கிறதென்று வீட்டில் இருந்த நாள் அங்கே வெறும் காலியிடம்.

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. அதற்கான பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரில் சூடு பிடிக்கும். சூடு என்பது இங்கே உவமை இல்லை. விடியற்காலையிலும் காற்றில் ஈரம் அப்படியே நிற்கும். வேர்வை வழியுமே தவிர உலராது. உலராத வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. குளிர்ந்த, உலர்ந்த காற்றில் சுலபமாக ஓடுகிற வேகத்தை இங்கே பிடிக்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். பிறகு அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை. தூரத்தைக் கூட்ட வேண்டிய மாதங்களில்தான் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். செவ்வாய் போச்சு, வியாழன் போச்சு. வாரக் கணக்கில் பதினைந்து கிலோமீட்டர் துண்டு விழுகிறது. சனிக்கிழமை இரவு வானம் வெளுத்தால், விட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே பிடித்துவிடலாம் என்று கை அலாரத்தை மூன்றரைக்கு வைக்கும்.

அந்த அலாரத்தில்தான் காயம் ஆரம்பிக்கிறது.

ஓட்டக்காரர்களிடையே ஒரு பழைய விதி உண்டு: வாரக் கணக்கைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே. நெதர்லாந்தின் குரோனிங்கனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாக ஓட வந்த 532 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சியும், இன்னொரு பகுதிக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு ஆச்சரியமானது. இரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை.

அப்படியானால் தப்பு எங்கே? 2025-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு பதில் சொன்னார்கள். 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரப் பதிவுகளை 18 மாதங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். வாரக் கணக்கு கூடியதற்கும் காயத்துக்கும் எதிர்பார்த்த தொடர்பு கிடைக்கவில்லை. ஒரே ஓட்டத்தின் நீளத்தில்தான் விஷயம் இருந்தது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரு நாள் 10 முதல் 30 சதவீதம் அதிகமாக ஓடினால் காயம்படும் வாய்ப்பு 64 சதவீதம் கூடியது. இரண்டு மடங்குக்கும் மேல் ஓடியவர்களுக்கு 128 சதவீதம் கூடியது.

இந்தக் கணக்கை அருணாசலம் தெருவுக்குக் கொண்டு வந்தால், 9.7-ஐப் பத்தாக்கச் சந்தில் சுற்றியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது மூன்று சதவீதம். மழையில் விட்ட செவ்வாயையும் வியாழனையும் ஞாயிற்றுக்கிழமைத் தலையில் கட்டியவர்தான் பிசியோதெரபிஸ்ட் வாசலில் உட்காரப் போகிறார். வாரக் கணக்கு 35 என்று ஒழுங்காகத்தான் காட்டும். அந்த முப்பத்தைந்து எப்படி வந்தது என்பதைக் கூட்டுத்தொகை சொல்லாது. குழுவில் எல்லோரும் பகிர்வது கூட்டுத்தொகையை மட்டும்தான்.

உடம்பு இதை உடனே காட்டிக் கொடுக்காது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று ஆள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கிற எலும்பு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். 2007-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஓட்டக்காரர்களில் காயம்பட்டவர்கள் 19.4 சதவீதம் முதல் 79.3 சதவீதம் வரை இருந்தார்கள். இவ்வளவு அகலமான இடைவெளிக்கு, எதைக் காயம் என்று எண்ணுவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவுகோல் இருந்ததும் ஒரு காரணம். எல்லாவற்றிலும் பொதுவாக முதலிடம் பிடித்தது முழங்கால்.

வலிக்கும் ஒரு பாஷை இருக்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்தினால் பாதத்தின் அடியில் இருக்கும் நார்ப்பட்டை நொந்திருக்கிறது. நடக்க நடக்கக் குறையும், அதுதான் ஏமாற்றும். படி இறங்கும்போதும், சினிமாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழும்போதும் முட்டியின் முன்பக்கம் வலித்தால் அது முழங்கால் சில்லு சம்பந்தப்பட்டது. முட்டியின் வெளிப்பக்கம், அதுவும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கிலோமீட்டரில் வலி பிடித்தால், தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் நார்ப்பட்டையான 'ஐ.டி. பேண்ட்' என்று சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். முன்னங்கால் எலும்பில் ஒரே புள்ளியில், விரல் வைத்தால் துள்ளும்படி வலித்து, ராத்திரி படுத்தாலும் விடவில்லை என்றால் நண்பர்களிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அது எலும்பில் விழுந்த மெல்லிய கீறலாக இருக்கலாம்.

நண்பர்களின் யோசனைக்கோ பஞ்சமே இல்லை. யாராவது வாய்திறந்து "முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டால் போதும். "ஐஸ் வைங்க ஜி." "ஷூவை மாத்துங்க சார்." "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணும் பண்ணல, அதுவா போயிடுச்சு." கடைசியாகச் சொல்பவர்தான் மிக ஆபத்தானவர். ஐஸ் விஷயம்கூட அவ்வளவு உறுதியானதில்லை. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் ஒரு சூத்திரமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்பாடு அவரே மாற்றி எழுதினார். அந்தத் திருத்தம் பல காபிக் கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

காயத்தை மறைக்காமல் சொன்னவர்களில் இந்த ஊர் அறிந்த பெயர் மா. சுப்பிரமணியன். 2006 முதல் 2011 வரை சென்னை மேயர், 2021-ல் மாநில சுகாதாரத் துறை அமைச்சர். நீரிழிவு உள்ளவர். 2004-ல் நடந்த சாலை விபத்தில் முழங்கால் உடைந்தது. இனி ஓடவெல்லாம் முடியாது என்று மருத்துவர்கள் சொன்னதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் ஓட்டத்துக்கு வந்ததே அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, ஐம்பதைத் தாண்டிய வயதில். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தார். அந்த நூறைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். விபத்துக்கும் முதல் அரை மாரத்தானுக்கும் நடுவே போன வருஷங்களை யாரும் எண்ணுவதில்லை.

கணக்கே வேண்டாம் என்று வைத்த இடமும் பக்கத்தில் இருக்கிறது. 2008-ல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானில் பரிசும் கிடையாது, வெற்றி மேடையும் கிடையாது. செம்மண் காட்டுப்பாதையில் ஓடி முடித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போய் ஓடுகிறார்கள். போனவர்கள் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்களா என்பது வேறு விஷயம்.

சில குழுக்களில் வழக்கம் மெல்ல மாறியும் வருகிறது. வாரக் கணக்கோடு 'எங்கே வலிக்கிறது' என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். "28 கி.மீ., இடது குதிகால், காலையில் மட்டும்." படிக்கச் சுவாரசியமில்லாத வரிதான். நான்கு வாரத்து வரிகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அந்தக் குதிகால் வலி முளைத்தது என்று தெரிந்துவிடும்.

சென்னை மாரத்தான் புறப்படுவது நேப்பியர் பாலத்திலிருந்து. மே தினப் பூங்காவுக்கும் முன்பு நேப்பியர் பூங்கா என்றுதான் பெயர்; இரண்டும் ஒரே ஆளுநரின் பெயரைத் தாங்கியவை. பேட்டையில் ஓட முடியாமல் போனவருக்கு அந்த ஜனவரிக் காலை வீட்டில் படுக்கவும் முடியாது. காசு கட்டி வாங்கிய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, நாலு மணி இருட்டில் மெதுவாக நடந்து பாலத்துக்குப் போவார். தண்ணீர் மேஜையில் நின்று கோப்பைகளை நீட்டுவார், தெரிந்த முகம் வந்தால் பெயர் சொல்லிக் கத்துவார். வீட்டிலிருந்து பாலம் வரை நடந்து வந்த தூரத்தையும் அவர் கடிகாரம் விடாமல் எழுதியிருக்கும்: 2.3.