விண்வெளி வீரர் உடை: உயிர்காக்கும் தையல் நுட்பங்கள்

திருவனந்தபுரம்: ககன்யான் திட்டத்தின்கீழ் விண்வெளிக்குச் செல்லத் தேர்வான நான்கு விமானப்படை அதிகாரிகளின் பெயர்களை, 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். பாலக்காடு மாவட்டம் நென்மாறையைச் சேர்ந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகியோரே அந்த நால்வர்.

அவர்களை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு, அவர்கள் அணியும் உடையைப் பற்றிப் பேசப்படுவதில்லை. கலத்திலிருந்து காற்று வெளியேறிவிட்டால் வீரர்களுக்கு எஞ்சும் பாதுகாப்பு அந்த உடை மட்டுமே. அது காற்றைத் தக்கவைத்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பவர் கையை நீட்டி விசைகளை இயக்கவும் முடியவேண்டும். இதைப் பெருமளவு தீர்மானிப்பவை உடையின் வெட்டும் தையலும்தான்.

திருவனந்தபுரத்தில் உருவான மாதிரி

2018 செப்டம்பரில் பெங்களூரில் நடைபெற்ற விண்வெளிக் கண்காட்சியில், விக்ரம் சாராபாய் மையம் இரண்டு ஆண்டு உழைப்பில் உருவாக்கிய ஆரஞ்சு நிற விண்வெளி உடை காட்சிக்கு வைக்கப்பட்டது. வீரர் 60 நிமிடங்கள் சுவாசிக்கப் போதுமான ஆக்சிஜன் உருளை அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் நால்வரும் ரஷ்யாவில் பயிற்சி பெற்றபோது, அந்நாட்டின் ஸ்வெஸ்தா நிறுவனம் அவர்களுக்குத் தனித்தனியே அளவெடுத்து உடைகளைத் தயாரிக்கும் பணியை 2020ஆம் ஆண்டில் தொடங்கியது.

இந்நிறுவனத்தின் 'சோகோல்' உடை ஒரு துயரத்தின் விளைவாக உருவானது. 1971 ஜூன் 30 அன்று பூமிக்குத் திரும்பிய சோயுஸ்-11 கலத்தில் வால்வு ஒன்று திறந்துகொண்டதால், உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறி மூன்று வீரர்களும் உயிரிழந்தனர். இடநெருக்கடி காரணமாக அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. 1973 செப்டம்பரில் ஏவப்பட்ட சோயுஸ்-12 முதல் அழுத்த உடை கட்டாயமானது. 1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்றபோதும் சோகோல் உடையையே அணிந்திருந்தார்.

நிற்பதற்கு அல்ல, அமர்வதற்கு

சோகோல் அணிந்த வீரர்கள் ஏவுதளத்தில் சற்றுக் கூனி நடப்பதைக் காணொளிகளில் பார்க்கலாம். அது களைப்பினால் அன்று. முழங்காலை மார்பை நோக்கி மடக்கி இருக்கையில் சாய்ந்திருக்கும் நிலைக்கு ஏற்ப அந்த உடை வெட்டப்பட்டுள்ளது. ஆகவே நிமிர்ந்து நிற்கும்போது அது உடலை முன்னோக்கி இழுக்கிறது. இருக்கையில் அமர்ந்ததும் சரியாகப் பொருந்திவிடுகிறது.

மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களின் தோல் உடையிலும் இதே தத்துவத்தைக் காணலாம். தடித்த தோல் பருத்தித் துணியைப்போல் எளிதில் நெகிழ்ந்து கொடுக்காது. அதனால் கைப்பகுதி முழங்கையில் வளைந்தே தைக்கப்படுகிறது; முதுகிலும் தோளிலும் விரிந்து சுருங்கும் மடிப்புகள் வைக்கப்படுகின்றன. வண்டியின்மீது குனியும்போது வசதியாக இருக்கும் அந்த உடை, நிற்கும்போது இடைஞ்சலாகத் தோன்றும்.

தளர்வான உடையில்தான் கைகால்களை எளிதாக அசைக்கலாம் என்ற எண்ணமும் முழுமையாகச் சரியன்று. ஒரு மேலங்கியின் கைக்குழி மிகத் தாழ்வாக வெட்டப்பட்டிருந்தால், கையை உயர்த்தும்போது அங்கி முழுவதுமே மேலே இழுபடும். கைக்குழி அக்குளை ஒட்டி அமைந்தால் கை மட்டும் தனியே உயரும்.

காற்று நிரம்பினால் விறைப்பது ஏன்?

சோகோல் உடையின் உட்புறம் காற்றைக் கசியவிடாத ரப்பர் பூசிய உறை. வெளிப்புறம் அந்த உறை ஊதிப் பெருக்காமல் தடுக்கும் வலுவான துணி. ஆபத்து நேரத்தில் அதனுள் ஏறக்குறைய 0.4 வளிமண்டல அழுத்தம் நிலவும். அப்போது உடை காற்றடைத்த டயர் குழாயைப்போல் விறைத்துவிடும்.

அத்தகைய குழாயை மடக்கினால், மடங்கும் இடத்தில் உட்புறக் கொள்ளளவு குறைகிறது. அதாவது, வீரர் முழங்கையை மடக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் காற்றையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது. இதைக் குறைக்கவே மூட்டுகளில் துருத்தி போன்ற மடிப்புகள் அமைக்கப்படுகின்றன. ஒரு பக்கத்து மடிப்புகள் சுருங்கும்போது மறுபக்கத்து மடிப்புகள் விரிவதால் மொத்தக் கொள்ளளவு பெரிதும் மாறுவதில்லை. மூட்டின் இரு பக்கங்களிலும் தைக்கப்படும் நீளாத பட்டைகள், அழுத்தத்தால் கைப்பகுதி நீண்டுவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

இந்தச் சிக்கலின் தீவிரத்தை 1965 மார்ச் 18 அன்று அலெக்ஸி லியோனோவ் உணர்ந்தார். உலகில் முதன்முதலாக விண்வெளியில் நடந்த அவரது உடை ஊதிப் பருத்தது. கைவிரல்கள் கையுறையின் நுனிகளிலிருந்து விலகின. கலத்துக்குள் திரும்ப முடியாமல் தவித்த அவர், உடையின் அழுத்தத்தை 0.4இலிருந்து ஏறக்குறைய 0.27 வளிமண்டலமாகக் குறைத்த பின்னரே உள்ளே நுழைந்தார்.

கையுறையே கடினம்

உடையின் உறுப்புகளில் வடிவமைப்பாளர்களை அதிகம் சோதிப்பது கையுறை. சிறிய பரப்பில் பல மூட்டுகள் இருப்பதால், அழுத்தத்துக்கு எதிராக விரல்களை மீண்டும் மீண்டும் மடக்கும்போது கை விரைவில் சோர்ந்துவிடும். விண்வெளி நடையில் பல மணி நேரம் பணியாற்றிய வீரர்களுக்கு விரல் நகங்கள் கழன்ற நிகழ்வுகளும் உண்டு. கையுறை பெரிதாக இருந்தால் விசையைப் பற்ற முடியாது. இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் தடைப்படும்.

வியர்வையும் உயரமும்

காற்றில் ஈரப்பதம் மிகுந்த திருவனந்தபுரத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. காற்றுப் புகாத உடைக்குள்ளும் இதே நிலைதான். ஆகவே உடைக்குள் தொடர்ந்து காற்று செலுத்தப்படுகிறது. ரஷ்ய ஏவுதளத்தில் வீரர்கள் கையில் ஏந்திச் செல்லும் சிறிய பெட்டி, கலத்தில் ஏறும்வரை உடைக்குக் காற்றூட்டும் கருவியாகும்.

எடையற்ற நிலையில் முதுகெலும்பு நீள்வதால், உயரம் 3 சதவீதம் வரை கூடலாம். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய 5 செ.மீ. ஆகும். புறப்படும்போது கச்சிதமாக இருந்த உடை, திரும்பும்போது தோளை அழுத்தக்கூடும். இதனால், அளவைச் சற்றுக் கூட்டிக் குறைக்க உதவும் நாடாக்கள் உடையில் இடம்பெறுகின்றன.

நால்வரில் ஒருவரான சுபான்ஷு சுக்லா, 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற முதல் இந்தியரானார். ஜூலை 15 அன்று பூமி திரும்பினார். பிரசாந்த் நாயர் அப்பயணத்தின் மாற்று வீரராக இருந்தார். ககன்யான் திட்டத்தில் மூன்று வீரர்களை 400 கி.மீ. உயரச் சுற்றுப்பாதைக்கு மூன்று நாள் பயணமாக அனுப்ப இஸ்ரோ திட்டமிட்டுள்ளது. அதற்கு முன் ஆளில்லாப் பயணங்களில் கலம் சோதிக்கப்படும்.