பத்து காசு பாயின்ட், ஐந்து ரூபாய் பாயின்ட்: ரம்மியின் பணக் கணக்கு

பணம் வைத்து ஆடும் ரம்மியில் பந்தயத்தின் அளவைத் தீர்மானிப்பது பாயின்ட்டின் மதிப்பு. தோற்றவர் கையில் நிற்கும் புள்ளிகளை அந்த மதிப்பால் பெருக்கினால், அவர் தர வேண்டிய தொகை வரும். முதல் சுற்றிலேயே ஆட்டத்தை விட்டு விலகினால் (ஸ்கூட்) 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, அதிகபட்சப் புள்ளியான ஃபுல் என்றால் 80. ஜோக்கர் சேராத வரிசை ஒன்றுகூட அமையாதவருக்கு 13 சீட்டும் எண்ணிக்கையில் சேரும். ஆகவே ஃபுல் அபூர்வமான விபத்து அல்ல. பாயின்ட் 10 காசு என்றால் ஃபுல்லுக்கு 8 ரூபாய். ஒரு ரூபாய் என்றால் 80. ஐந்து ரூபாய் என்றால் 400.

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ தறிக்கூலி வாங்கிய ஒருவர் 800 ரூபாயுடன் ஆட உட்காருகிறார் என்று கொள்வோம். பத்து காசு மேசையில் அந்தப் பணம் நூறு ஃபுல்களைத் தாங்கும். ஒரு ரூபாய் மேசையில் பத்து. ஐந்து ரூபாய் மேசையில் இரண்டே இரண்டு. அவருடைய திறமை மூன்று மேசைகளிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டு மோசமான கைகளைத் தாண்டி அந்தத் திறமை பலன் தருவதற்குள் ஐந்து ரூபாய் மேசையில் பணம் தீர்ந்துவிடும். மதிப்பு ஏற ஏற எதிரே உட்காருபவரும் தேர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கமிஷன். சமத் திறமையுள்ள இருவர் ஒரு ரூபாய் பாயின்ட்டில் 100 ஆட்டம் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளி கைமாறினால் மொத்தம் 3,000 ரூபாய் புரளும். மேசை நடத்துபவர் ஜெயித்த தொகையில் 10 சதவீதம் எடுத்தால் அவருக்கு 300 ரூபாய். சமமாக ஜெயித்துத் தோற்ற இருவரும் ஆளுக்கு 150 ரூபாய் குறைவாக எழுந்திருப்பார்கள். ஐந்து ரூபாய் பாயின்ட்டில் அதுவே 750. சதவீதம் மாறவில்லை, இழப்பு மட்டும் ஐந்து மடங்கு. செல்போனில் ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிவதால் நூறு ஆட்டம் வெகு சீக்கிரம் வந்துவிடும்.

அமெரிக்க சூதாட்டக் கூடங்களின் வீடியோ போக்கர் இயந்திரத்தில் கணக்கு வேறு. அங்கே பந்தயத்தைக் கூட்டினால் பரிசு விகிதமே மாறும். ராயல் ஃபிளஷ் என்ற மிக உயர்ந்த கை விழுந்தால் ஒரு நாணயத்துக்கு 250 தரும் இயந்திரம், ஐந்து நாணயம் போட்டவருக்கு 4,000 தரும். அதாவது நாணயத்துக்கு 800. நல்ல பரிசுப் பட்டியல் உள்ள இயந்திரத்தில், பிழையின்றி ஆடுபவருக்கு ஐந்து நாணயத்தில் சுமார் 99.5 சதவீதமும் ஒரு நாணயத்தில் சுமார் 98.4 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். அதனால் ஒரு டாலர் நாணயம் ஒன்றைப் போடுவதைவிட, கால் டாலர் நாணயம் ஐந்தைப் போடுபவரின் சராசரி இழப்பு குறைவு. ரம்மியில் இப்படி எந்தச் சலுகையும் இல்லை. மதிப்பைக் கூட்டுபவருக்குக் கூடுவது ஏற்ற இறக்கமும் கமிஷனும்தான்.

சட்டமும் இந்தக் கமிஷனைக் கவனித்திருக்கிறது. ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்று 1967-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆட்டத்தை நடத்தும் மனமகிழ் மன்றம் அதிலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. ரம்மியையும் போக்கரையும் அதன் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2025 பிப்ரவரியில் வந்த மாநில விதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்தை நிறுத்தின. ஆடுபவருக்குப் பண வரம்பும் வேண்டும் என்றன. பாயின்ட் மதிப்பை விட்டு மொத்தப் பணத்துக்கு வரம்பு கேட்டது சரியான அளவுகோல்.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதன்பின் பெரிய ரம்மி நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. இன்றும் காசு கட்டச் சொல்லி வரும் செயலிகள் சட்டத்துக்கு வெளியே நடப்பவை. அவற்றில் பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.